சோளக்காட்டில் தொங்கிய முதல் பதிப்பு

ஒரே ஆல்பத்தைத் திரும்பத் திரும்ப வாங்குகிறவனை ஊரில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். கூரியர்க்காரர் பார்சலை நீட்டும்போதே என் மனைவி வாசலில் நின்றபடி அதைச் சொல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். மேலட்டையைப் பிரித்ததும் எட்டிப் பார்த்தாள்.

"அதே ஆளுதானுங்களே இவரு?"

"அதே ஆளுதான். ஆனா இது வேற."

"எது வேற? சட்டகூட மாத்தல."

அட்டைப் படத்தில் ஒருவர் டிரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். அந்தப் படம் போட்ட டப்பா எங்கள் அலமாரியில் ஏற்கெனவே மூன்று இருந்தது. இது நான்காவது. ஒலிப்பதிவு செய்த மூல டேப்பிலிருந்து நேராக எடுத்தது, இதுவரை யாரும் கேட்காத தெளிவு என்று பின்னட்டையில் போட்டிருந்தார்கள். மூன்றாவது டப்பாவிலும் கிட்டத்தட்ட அதையேதான் போட்டிருந்தார்கள். தெரிந்துதான் வாங்கினேன். வாங்காமல் இருந்து, ஒருவேளை இதில் அது சரியாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் காரணம்.

அந்த 'அது' என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் மீதி எல்லாமே பைத்தியக்காரத்தனமாகத் தெரியும்.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மாரண்டஹள்ளியிலிருந்து பெங்களூருக்குப் போனவன் நான். ஒரு சிடி கடையில் தூசி தட்டுகிற வேலை கிடைத்தது. கடையின் கடைசி மூலையில் ஜாஸ் என்று எழுதிய ஒரு தட்டு இருந்தது. அந்தப் பக்கம் யாரும் வரமாட்டார்கள். மதிய நேரத்தில் கூட்டம் இல்லாதபோது முதலாளி அதிலிருந்து ஒன்றை எடுத்துப் போடுவார். எனக்கு ஒன்றும் விளங்காது. பாட்டு எப்போது தொடங்கும் என்று காத்துக்கொண்டிருப்பேன், பாடாமலே முடித்துவிடுவார்கள். ஆனால் இந்த ஒரு ஆல்பத்தில் கடைசியாக வருகிற மெதுவான பாட்டு மட்டும் என்னைப் பிடித்துக்கொண்டது. டிரம்பெட் வாசிக்கிறவர் ஒவ்வொரு சுரத்தையும் கீழே விழுந்துவிடுமோ என்று பயந்து பயந்து வைப்பதுபோல் வைப்பார். ஒருவழியாக முடியும். முடிந்த பிறகு உடனே நின்றுவிடாது. அந்த அறையின் அமைதி கொஞ்ச நேரம் அப்படியே இருக்கும். யாரோ ஒருவர், அவர்தானோ வேறு யாரோ, நீளமாக மூச்சு விடுவார். ஒரு நாற்காலி லேசாகக் கிறீச்சிடும். அவ்வளவுதான்.

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பேன், இழுத்துப் பார்த்தேனா என்று திரும்பி வந்து பார்ப்பேன். அந்த மூச்சைக் கேட்டபோது, ஆச்சு, முடிஞ்சது, ஒண்ணும் கெட்டுப்போகல என்று யாரோ என்னிடம் சொல்வதுபோல இருந்தது. அந்த வயதில் எனக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை. கடையை ஒரேயடியாக மூடும்போது முதலாளி, "உனக்கு எது வேணுமோ எடுத்துக்கோடா" என்றார். மற்றவர்கள் சினிமாப் பாட்டாக அள்ளினார்கள். நான் அந்த ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

பிறகு மோட்டார் காயில் கட்டும் வேலையைக் கற்றுக்கொண்டு ஊருக்குத் திரும்பினேன். மாரண்டஹள்ளியில் சொந்தக் கடை. கிணற்று மோட்டார், போர் மோட்டார், மாவு மில் மோட்டார் எல்லாம் வரும். இந்தத் தொழிலில் பயத்துக்குக் குறைவே இல்லை. கட்டிக் கொடுத்த மோட்டாரைப் போருக்குள் இறக்கிச் சுவிட்சைப் போடும்வரை எனக்குச் சோறு இறங்காது. போட்ட பிறகும், எரிந்துவிட்டது என்று போன் வருமோ என்று காத்திருப்பேன். அப்படிப்பட்ட நாட்களில் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்ததும் அந்தக் கடைசிப் பாட்டைப் போட்டு, மூச்சு வரும்வரை கேட்டுவிட்டுப் போவேன். சிலருக்கு மாத்திரை, எனக்கு அது.

சிடி சேர்க்கிற வழக்கம் அதிலிருந்துதான் வளர்ந்தது. ஒன்று பத்தாகி, பத்து ஒரு அலமாரியாகியது. சேர்க்கிறவனுக்கு வருகிற முதல் பயம் எனக்கும் வந்தது. தட்டு பழசாகிறது, ஒருநாள் ஓடாமல் போனால்? கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்தேன். ஒரு கோடையில் மின்சாரம் ஏறி இறங்கியதில் அந்தக் கம்ப்யூட்டரே போய்விட்டது. சரி, இன்னொரு தட்டு வாங்கி வைத்துக்கொள்வோம், அதுவரை பழையதை ஓட்டித் தேய்க்க வேண்டாம் என்று அதை எடுப்பதையே நிறுத்தினேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

கடையில் பழைய பதிப்பு கிடைக்கவில்லை. மறுபதிப்புதான் கிடைத்தது. பழைய டேப்பைத் தூசி தட்டி, ஒலியைச் சீர்செய்து திரும்ப வெளியிடுவதை ரீமாஸ்டர் என்கிறார்கள். முதல் ரீமாஸ்டரில் கடைசிச் சுரம் அடங்கியதும் பாட்டை நறுக்கென்று வெட்டியிருந்தார்கள். அமைதியும் இல்லை, மூச்சும் இல்லை. இரண்டாவதில் அமைதியை விட்டுவைத்து இரைச்சலை மட்டும் கழுவியிருந்தார்கள். இரைச்சலோடு சேர்ந்து மூச்சும் போய்விட்டது. நாற்காலிச் சத்தம் தண்ணீருக்குள் கேட்பதுபோல மொழுக்கென்று ஒருமுறை கேட்டது. செல்போனில் கேட்கலாமே என்றால், அங்கேயும் இந்தக் கழுவிய பதிப்பைத்தான் வைத்திருக்கிறார்கள்.

என் தொழில்காரர்களுக்கு என் எரிச்சல் உடனே விளங்கும். எரிந்த மோட்டார் ஒன்று வந்தால், பழைய காயிலைப் பிரிக்கும்போதே சுற்றுகளை எண்ணிக்கொண்டுதான் பிரிப்பேன். எந்தக் கனத்தில் கம்பி இருந்ததோ அதே கனம், எத்தனை சுற்று இருந்ததோ அத்தனை சுற்று. இவ்வளவு எதற்கு என்று நானாகக் குறைக்கவும் முடியாது, தாராளமாக நான்கு சுற்று சேர்க்கவும் முடியாது. குறைத்தால் எரியும், கூட்டினால் தண்ணீர் ஏறாது. விவசாயி வந்து சட்டையைப் பிடிப்பான். இந்த ரீமாஸ்டர்காரர்களின் சட்டையைப் பிடிக்கத்தான் ஆள் இல்லை.

பெங்களூரில் எனக்கு சிடி வரவழைத்துக் கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போனில் புலம்பினேன்.

"அது ஏழு வருசத்துக்கு முன்னாடி ரீமாஸ்டர் குரு. இப்ப வந்திருக்கிறது புது ரீமாஸ்டர். கூடவே இதுவரைக்கும் வெளிவராத மூணு பாட்டு."

"எனக்கு கூட எதுவும் வேணாங்க. இருந்தத விட்டிருந்தா போதும்."

"கேட்டுப் பாரு குரு. மூச்சென்ன, அவங்க டீ குடிக்கிறதுகூட கேக்கும்."

அப்படித்தான் நான்காவது டப்பா வந்து சேர்ந்தது.

கடைக்குப் பாதி நாள் விடுமுறை விட்டுவிட்டு அதைக் கேட்டேன். எல்லாமே சத்தமாக இருந்தது. பயந்து பயந்து வாசித்த மனிதர் பொதுக்கூட்டத்தில் பேசுகிறவர் மாதிரி ஆகியிருந்தார். கடைசிப் பாட்டு கடைசியில் இல்லை. சேர்த்த மூன்று பாட்டுகள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டதால் நடுவில் கிடந்தது. முடிந்தது. அமைதி வந்தது. மூச்சும் வந்ததுபோல் இருந்தது. அதற்குள் அடுத்த பாட்டின் டிரம் தலையில் இடித்தது. மூச்சுதானா, அல்லது நான் ஆசைப்பட்டதால் கேட்டேனா என்று சந்தேகம். பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் மனசு ஆறும் என்று அலமாரியைத் திறந்தேன். பழையது எப்போதும் இருக்கும் இடத்தில்தான் இருந்தது. டப்பாவைத் திறந்தேன்.

காலி.

நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் பல் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. இருந்த டப்பாவையெல்லாம் திறந்து, ஒன்றுக்குள் ஒன்று மாற்றி வைத்துவிட்டேனா என்று தேடினேன். வியர்த்துவிட்டது. சமையலறையில் இருந்தவளைக் கூப்பிட்டேன்.

"இந்த டப்பாவுல இருந்த தட்டு எங்க?"

"எந்தத் தட்டுங்க?"

"பழசு. முதல்ல வாங்குனது."

"ஓ, அதுவா. தம்பிக்குக் குடுத்தனுப்பிட்டேனுங்க. போன மாசம் வந்தான்ல. சோளம் கதிரு புடிச்சிடுச்சி, கிளியும் குருவியும் நிக்க விடலன்னான். சிடி கட்டித் தொங்க வுட்டா வராதுன்னு எல்லா காட்டுலயும் கட்டியிருக்காங்களாம். பழசு இருந்தா குடு அக்கான்னு கேட்டான்."

காலி டப்பாவை அவள் முன்னால் நீட்டினேன்.

"கேக்காம குடுக்கலாமா?"

"ஒரு பழசக் குடுக்கறதுக்கு என்னத்தங்க கேக்கறது? உங்க ஜாஸு எதுலயும் நான் கை வெக்கல. இது ஒண்ணு மட்டும் மூணு இருந்துச்சி. மூணும் ஒரே படம், ஒரே பேரு. ரெண்டு புதுசு பளபளன்னு இருக்கு. இது கீறலு வுழுந்து கெடக்கு. புதுசு ரெண்டு வாங்கின ஆளு பழச வெச்சிக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க? டப்பாகூட குடுக்கல பாருங்க. டப்பா நல்லாருக்குன்னு வெச்சிட்டேன்."

சண்டை போட வாயெடுத்தேன். எதைச் சொல்லிப் போடுவது? ஒரு பாத்திரம் புதிதாக வந்தால் பழையதை யாருக்காவது கொடுப்பதுதான் எந்த வீட்டிலும் நடக்கிறது. அதையும் அவள் கவனமாகவே செய்திருக்கிறாள். புதுசு வந்தால் பழசு எதற்கு என்று அவள் கேட்கிற கேள்வியைத்தான் அந்தக் கம்பெனிக்காரனும் பின்னட்டையில் எழுதியிருக்கிறான். ஒரு மாதமாக என் முதல் பதிப்பு வெயிலில் தொங்கிக்கொண்டிருக்கிறது, நான் அது அலமாரியில் இருப்பதாக நினைத்து நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். அந்தத் தூக்கத்தை நினைத்தபோதுதான் அதிகமாக எரிச்சல் வந்தது.

"அதுலதான் அந்த மூச்சு இருக்குது" என்றேன்.

"எந்த மூச்சு?"

இத்தனை வருடங்களில் நான் அவளிடம் அதைச் சொன்னதே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. சொல்ல நேரமில்லை. வண்டியை எடுத்தேன்.

மச்சானின் காடு பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில். பாலக்கோடு தாண்டும்வரை, மழை வருமோ என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். மழை வரவில்லை, ஆனால் அடிக்கிற வெயிலைப் பார்த்தால் மழையே தேவலை போலிருந்தது. சிடியில் பாட்டு இருப்பது மின்னுகிற அடிப்பக்கத்தில் என்று பலர் நினைக்கிறார்கள். அடிப்பக்கம் வெறும் கெட்டிப் பிளாஸ்டிக். பாட்டு இருப்பது மேலே, எழுத்து அச்சடித்த பக்கத்தில், ஒரு மெல்லிய வெள்ளிப் பூச்சில். அதன்மேல் வெயில் பட்டு, காற்று பட்டு, பூச்சு உதிர ஆரம்பித்தால் கதை முடிந்தது. நடுவழியில் கடையின் ஷட்டரைப் பூட்டினேனா என்று வேறு ஒரு பயம் வந்து சேர்ந்துகொண்டது. திரும்பிப் போகவில்லை. என் வாழ்க்கையில் அப்படித் திரும்பிப் போகாதது அதுதான் முதல் தடவை.

மச்சான் கிணற்று மேட்டில் நின்றிருந்தான்.

"வாங்க மாமா. என்ன, திடுதிப்புன்னு? மோட்டாரு நல்லாத்தான் ஓடுதுங்க."

"அக்கா குடுத்த சிடி எங்க மச்சான்?"

அவன் காட்டைப் பார்த்துக் கையை வீசினான். "அங்கதானுங்க எங்கியாவது இருக்கும்."

பார்த்தேன். ஆள் உயரச் சோளம். கதிர்கள் மணி பிடித்துத் தலை சாய்ந்திருந்தன. குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, அதில் வரிசையாக சிடிகள். காற்று வீசும்போதெல்லாம் காடு முழுக்க வெளிச்சம் துள்ளியது. மற்ற நாளாக இருந்தால் நின்று பார்க்க அழகாகத்தான் இருந்திருக்கும்.

"இத்தன எங்க புடிச்ச?"

"ஊருல ஒரு வூடு வுடல மாமா. இப்ப எவன் சிடி போட்டுப் பாக்குறான்? காதுகுத்து, மஞ்சத்தண்ணி, வளகாப்பு, அம்மன் பாட்டு, எல்லாம் இங்கதான் தொங்குது."

வரப்பில் இறங்கி முதல் தட்டைப் பிடித்துத் திருப்பினேன். மறுபக்கமும் மின்னியது.

"என்ன மச்சான் இது, ரெண்டு பக்கமும்?"

"ரெண்டு ரெண்டா முதுகுக்கு முதுகு ஒட்டிட்டனுங்க. ரெண்டு பக்கமும் மின்னணும்ல. ஒரு பக்கம் பேரு எழுதியிருந்தா கிளி வந்து உக்காந்து படிச்சிட்டுப் போவுது."

ஒட்டிய விளிம்பைத் தடவிப் பார்த்தேன். "எதுல ஒட்டுன?"

"மரத்துக்கு ஒட்டுற வெள்ளப் பசைதாங்க. நல்லாப் புடிச்சிருக்கு. வேணும்னா பிரிச்சுப் பாருங்க, வராது."

பெயர் எழுதிய பக்கம் பசைக்குள் போய்விட்டது. இனி எது யாருடைய காதுகுத்து, எது என்னுடையது என்று பார்த்தவுடன் தெரியாது. ஆனால் வீட்டில் பதிவு செய்கிற தட்டுகள் அடியில் ஊதா நிறமாகத் தெரியும். கம்பெனியில் அச்சடித்தது வெள்ளியாகத் தெரியும். ஊதாவையெல்லாம் விட்டுவிட்டு வெள்ளியை மட்டும் பிடித்தேன். ஒவ்வொரு தட்டிலும் நடுத்துளையைச் சுற்றி ஒரு வளையத்தில் பொடி எழுத்தில் ஒரு எண் இருக்கும். எந்தத் தொழிற்சாலையில், எந்த அச்சில் வார்த்தது என்கிற அடையாளம் அது. முதல் பதிப்பு எது, பிந்தியது எது என்று சேர்க்கிறவர்கள் அதை வைத்துத்தான் கண்டுபிடிப்போம். என் தட்டின் எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். காயில் கம்பி பார்க்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு தட்டையும் வெயிலுக்குச் சாய்த்து, வளையத்தைப் படித்துக்கொண்டே வரிசை வரிசையாகப் போனேன். சோளத் தோகை கழுத்தை அறுத்தது. நான் ஒன்றைப் பிடித்து நிறுத்தியதும் அந்த மூலையில் மின்னல் நின்றுவிடும். குருவிக் கூட்டம் சட்டென்று இறங்கும்.

"மாமா, நீங்க புடிக்கப் புடிக்க அது எறங்குது. சீக்கிரம் பாத்துட்டு வுடுங்க."

"கொஞ்சம் இரு மச்சான்."

"நாஞ் சும்மா இருப்பனுங்க. குருவி இருக்குமா?"

கிழக்கு மூலையில், வேலிக்குப் பக்கத்துக் கயிற்றில் அந்த எண் கிடைத்தது. இருமுறை படித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தேன். அதுதான். கயிற்றிலிருந்து அவிழ்த்துத் திருப்பினால், மறுபக்கம் ஊதா.

மச்சான் வந்து எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அது எங்க கல்யாண சிடிங்க மாமா. போட்டோக்காரரு நாலு காப்பி குடுத்தாரு. ஒண்ணு போதும்னு மிச்சத்த இங்க கட்டிட்டேன். வூட்டுல சொல்லிடாதீங்க, அவ சோறு போடமாட்டா."

"நான் எதுக்குச் சொல்லப் போறேன்."

"இருங்க, பிரிச்சித் தரேன்" என்று விளிம்பில் கட்டைவிரல் நகத்தை வைத்து நெம்பினான்.

"தொடாத." நான் போட்ட சத்தத்தில் அவன் கையை எடுத்துக்கொண்டான். பசையைப் பிரித்தால் அதோடு வெள்ளிப் பூச்சும் உரிந்து வந்துவிடும், பாட்டே அதில்தான் இருக்கிறது என்று சொன்னேன். அவன் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்ப இதுங்க ரெண்டும் இனி ஜென்மத்துக்கும் ஒண்ணாதானுங்களா மாமா?"

"உன் கல்யாணம் மாதிரிதான்."

"அது சரி" என்றான். பிறகு, "மாசம் பூரா மழ இல்லன்னு நாங்க அழுதுட்டு இருக்கோம். பேஞ்சிருந்தா பசை வுட்டுட்டு ரெண்டும் தனித்தனியா வந்திருக்கும்" என்றான்.

வந்திருக்கும். பூச்சும் அதோடு வந்திருக்கும். அவனிடம் அதைச் சொல்லவில்லை. மழை பெய்யாதது நல்லது என்று ஒரு விவசாயியிடம் அவன் காட்டிலேயே நின்று சொல்ல முடியாது.

துண்டில் சுற்றி, சட்டைக்குள் வைத்து வீட்டுக்கு எடுத்து வந்தேன். என் மனைவி கதவருகிலேயே நின்றிருந்தாள். ஈரத்துணி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். நடுவிலிருந்து விளிம்பை நோக்கி மெல்லத் துடைத்தேன். மண் போயிற்று. சோளத் தோகை உரசிய கீறல்கள் இருந்தன. ஆனால் வெயில் நேராகப் பட்டிருக்க வேண்டிய பக்கம் ஒரு மாதமாகப் பசைக்கும் இன்னொரு தட்டுக்கும் நடுவில் மூடிக் கிடந்திருக்கிறது. ஒற்றையாகத் தொங்கியிருந்தால் இந்நேரம் பூச்சு உதிர்ந்திருக்கும். மச்சான் ஒட்டியதைத் திட்டிக்கொண்டே வந்தவன், அவன் ஒட்டியதால்தான் இது மிஞ்சியது என்று தெரிந்ததும் யாரைத் திட்டுவதென்று தெரியாமல் அதற்கும் எரிச்சல் பட்டேன்.

இரண்டு தட்டின் கனம் பிளேயருக்குள் போகவில்லை. மேல் மூடியைக் கழற்றி, தட்டை மேலிருந்து பிடிக்கிற பாகத்தையும் கழற்றிவிட்டு, கையால் நடுவில் பொருத்தினேன். பழைய ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து எடுத்த சின்னக் காந்தத்தை மேலே வைத்து இறுக்கினேன். அந்த மோட்டார் ஒரு தட்டைச் சுற்றுவதற்குச் செய்தது. என் கடைக்கு வருகிற மோட்டாராக இருந்தால், இவ்வளவு பாரம் ஏற்றாதீர்கள் என்று நானே திட்டியிருப்பேன்.

"காப்பி எடுத்துக்குங்க மொதல்ல" என்றாள். சரிதான். எந்தக் கம்ப்யூட்டருக்குள்ளும் இந்த இரட்டைத் தட்டு நுழையாது என்பதால் பிளேயரிலிருந்து செல்போனுக்கு ஒரு வயரைப் போட்டு, பதிவு செய்துகொண்டே கேட்பது என்று ஏற்பாடு. பொத்தானை அழுத்தினேன். தட்டு முனகிக்கொண்டு சுற்றத் தொடங்கியது. நின்றது. மறுபடி சுற்றியது. பாட்டு வந்தது.

முதல் பாட்டில் இரண்டு இடத்தில் திக்கியது. மூன்றாவதில் ஒரு கீறலில் மாட்டிக்கொண்டு ஒரே சுரத்தைத் தட்டிக்கொண்டே இருந்து, பிறகு தானாக நகர்ந்தது. அவள் தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். ஜாஸை அவள் முழுசாகக் கேட்டது அதுதான் முதல்முறை.

"பாடவே மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"யாராவது ஒருத்தர்?"

"இல்ல."

கடைசிப் பாட்டு வந்தது. என்னால் உட்கார முடியவில்லை. அவர் ஒவ்வொரு சுரமாக வைக்கிறார், பிளேயரின் மோட்டார் அடியில் இரைகிறது, எனக்கு எந்தச் சத்தத்தைக் கேட்பது என்று தெரியவில்லை. கடைசிச் சுரம் அடங்கியது. அமைதி. செல்போன் அலறியது.

மச்சான்.

பதிவு அங்கேயே நின்றுபோனது. நான் போனைப் பிடுங்கிக் கட்டிலில் எறிந்தேன். தலையணைக்கு அடியில் போய் அலறிக்கொண்டே இருந்தது. அதற்கு நடுவில், ஸ்பீக்கரில், நீளமாக ஒரு மூச்சு. பிறகு நாற்காலி. பிறகு தட்டு நின்றது.

அவள் பூண்டு உரிப்பதை நிறுத்தியிருந்தாள்.

"யாருங்க அது, பெருமூச்சு வுட்டது?"

"தெரியாது."

"பாட்டு முடிஞ்சிபோச்சின்னு வுட்டாரா?"

"ஆமாம். நல்லபடியா முடிஞ்சிச்சின்னு."

"இது புதுசுல இல்லீங்களா?" என்றாள். இல்லை என்றேன். "காசு வாங்கிக்கிட்டு எதுக்கு அத எடுத்தாங்களாம்?" என்றாள். இத்தனை வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்ததை அவள் ஒரு மூச்சில் கேட்டுவிட்டாள்.

மறுபடி ஓட்டிப் பதிவு செய்யலாம் என்று அவள் சொன்னாள். மோட்டாரைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. நாளைக்குப் பார்க்கலாம், அதற்குள் போனில் அழைப்பு வராமல் செய்வது எப்படி என்று கேட்டு வைத்துக்கொள்கிறேன் என்றேன். தட்டை மெல்ல எடுத்து, அது எந்த டப்பாவிலும் அடங்காது என்பதால் துணியில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். அதன் டப்பாவைப் பக்கத்தில் வைத்தேன். பிறகு மச்சானைக் கூப்பிட்டேன்.

"மாமா, வேலி மூலையில நீங்க அவுத்த எடத்துல கிளி எறங்கிடுச்சிங்க. வேற எதாவது இருந்தா குடுத்தனுப்புங்க."

மறுநாள் காலையில் கடையைத் திறக்கும் முன்பே கிளம்பினேன். மூன்று ரீமாஸ்டரையும் எடுத்துக்கொண்டேன். நேற்று வந்ததும் அதில் அடக்கம். டப்பாக்களை அவள் வாங்கி வைத்துக்கொண்டாள். ஒட்ட வேண்டாம், ஒற்றையாகவே கட்டு என்று மச்சானிடம் சொல்லி, கிழக்கு மூலையில் நானே கயிறு கட்டித் தொங்கவிட்டேன். நன்றாகவே மின்னின. கிளிகள் எழுந்து பக்கத்துக் காட்டுக்குப் போயின.

"இதெல்லாம் புதுசு மாதிரி இருக்குதுங்களே மாமா."

"புதுசுதான்."

"பழச வூட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டு புதுசக் கொண்டாந்து கட்டுறீங்க. அக்கா ஒண்ணும் சொல்லலீங்களா?"

"அவதான் அனுப்புனா."

வண்டி நிறுத்திய இடத்துக்கு வந்து சாவியைப் போட்டேன். அப்போதுதான் அந்தப் பயம் வந்தது. நேற்று இருந்த பதற்றத்தில், பசை ஒட்டியதைத்தான் துணியில் சுற்றினேன், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் காட்டில் கண்ணாடியோடு படித்த எண் சரிதானா? மூச்சைக் கேட்டேனே. கேட்டது நானும் அவளுமாக இரண்டு பேர். இருந்தாலும் முதல் ரீமாஸ்டரின் எண்ணும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான் இருக்கும், கடைசி எழுத்து மட்டும்தான் வேறு. தட்டுகள் டப்பா மாறிக் கிடந்திருந்தால், இப்போது நான் கட்டிய மூன்றில் ஒன்றுதான் முதல் பதிப்பு.

சாவியை எடுத்துக்கொண்டு திரும்ப வரப்பில் இறங்கினேன். கண்ணாடியை மாட்டி, இப்போதுதான் கட்டிய மூன்றையும் ஒவ்வொன்றாகப் பிடித்து வெயிலுக்குச் சாய்த்தேன்.

"எதுன்னா என்னங்க மாமா" என்றான் மச்சான், கிணற்று மேட்டிலிருந்து. "குருவி என்ன, பாட்டா கேக்கப் போவுது? வுடுங்க, எறங்குது பாருங்க."